தராசும் புள்ளிப் பலகையும்

என் தொழிலில் நான் கெட்டிக்காரன். இதை வேறு யாராவது சொல்லட்டும் என்று காத்திருந்தால் ஆயுள் போதாது என்பதால் நானே சொல்லிவிடுகிறேன். கடுகண்ணாவையில் இருந்துகொண்டு, கண்டியிலும் அதைச் சுற்றியும் உள்ள கடைகளுக்கு லினக்ஸ் கணினிகள் போட்டுக் கொடுத்துப் பராமரிப்பதுதான் என் பிழைப்பு. புதிய விண்டோஸைத் தாங்க முடியாத பழைய பெட்டியை வீச மனமில்லாதவர்கள் என்னைத் தேடி வருவார்கள். நான் லினக்ஸ் ஏற்றிக் கொடுத்தால் அந்தப் பெட்டி இன்னும் ஏழெட்டு வருஷம் முனகாமல் ஓடும். ஓடவில்லை என்று யாராவது சொன்னால், பிளக்கைக் குத்தினீர்களா என்றுதான் முதலில் கேட்பேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் மகா கஞ்சன். கணினியில் எதையும் ஏற்றவோ கழற்றவோ ஒரு கடவுச்சொல் வேண்டும். அதை எந்தக் கடைக்காரருக்கும் நான் கொடுத்ததில்லை. கேட்டால், மனதுக்குள் 'குரங்கு கையில் பூமாலை' என்று சொல்லிக்கொண்டு, வாயால் "அதுக்குத்தான் நான் இருக்கேன்லங்க" என்பேன். அவர்களும் சிரித்துக்கொண்டு விட்டுவிடுவார்கள்.

அக்குறணையில் எனக்கு ஒரு வாடிக்கைக் கடை உண்டு. மிளகு, கராம்பு, சாதிக்காய் எல்லாம் ஊர்ப்புறத்து ஆட்களிடமிருந்து மூட்டையாக வாங்கி, கொழும்புக்கு அனுப்புகிற கடை. முதலாளி அறுபது தாண்டிய ஹாஜியார். மூத்த மகன் கூடவே நிற்பார். கடைக்குப் பின்னாலேயே வீடு. இரண்டுக்கும் நடுவில் ஒரு கதவும் அதில் ஒரு திரைச்சீலையும். ஹாஜியாருக்கு ஒரு மகளும் இருப்பது எனக்குத் தெரியும். அதற்கு மேல் தெரியாது.

அந்தக் கடையின் கணினியில் நானே எழுதிய சின்ன நிரல் ஒன்று ஓடுகிறது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து, படம் கிடம் ஒன்றும் இல்லை. மூட்டையைத் தராசில் வைத்தால் அதன் நிறை ஒரு வயர் வழியாகத் திரைக்கு வந்துவிடும். அதற்குப் பக்கத்தில் மூட்டைக்காரரின் விபரத்தை அடிக்க வேண்டியதுதான். பார்ப்பதற்கு அழகில்லை. ஆனால் ஆறு வருஷத்தில் ஒரு தடவைகூட விழுந்ததில்லை.

அங்கே நான் போவது வெள்ளிக்கிழமைகளில். பதினொன்றரைக்கு ஹாஜியார் கடையை மூடிவிட்டு ஜும்ஆத் தொழுகைக்குப் புறப்படுவார், மகனும் போவார். திரும்பி வர ஒன்றரை ஆகும். மற்ற நாட்களில் அந்தக் கணினியைத் தொடவே முடியாது, அவ்வளவு வேலை அதற்கு. அதனால் அந்த இரண்டு மணி நேரம் எனக்கானது. ஒரு கோப்பை தேநீரையும் ஒரு தட்டில் ரெண்டு ரோல்ஸையும் வைத்துவிட்டு, என்னை உள்ளே விட்டுக் கதவைச் சாத்திவிட்டுப் போவார்கள். நான் நுழையும்போது கணினிக்கு முன்னாலுள்ள கதிரை காலியாக இருக்கும். திரைச்சீலை மட்டும் லேசாக ஆடிக்கொண்டிருக்கும். யாரோ அப்போதுதான் எழுந்து உள்ளே போயிருக்கிறார்கள் என்று தெரியும். யாரென்று நான் கேட்டதில்லை. இன்னொருவர் வீட்டுப் பெண்களைப் பற்றி விசாரிக்காமல் இருப்பதுதான் மரியாதை என்று நினைத்திருந்தேன்.

இப்போது யோசித்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. அந்தக் கணினியின் திரை எப்போதும் அணைக்கப்பட்டே இருக்கும். கரண்ட் மிச்சம் பிடிக்கிற குடும்பம் என்று மெச்சிக்கொள்வேன். கீபோர்டில் சில எழுத்துகளின் மேல் பசை காய்ந்து மொட்டு மொட்டாக இருக்கும். பொட்டலம் ஒட்டுகிற பசை சிந்தியிருக்கிறது என்று ஒருமுறை நகத்தால் சுரண்டியும் விட்டேன். அடுத்த தடவை பார்த்தால் மறுபடி மொட்டு. மேசை ஓரத்து ஆணியில் ஓர் இயர்போன் தொங்கும். மகன் கிரிக்கெட் கேட்கிறார் போல என்று விட்டுவிட்டேன்.

போன வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை அந்தக் கணினிக்கு லினக்ஸின் புதிய பதிப்பை ஏற்றினேன். பழையதற்குக் காலம் முடிந்திருந்தது. புதிய பதிப்போடு புதிய கேர்னலும் வந்தது. கேர்னல் என்பது லினக்ஸின் நடுமையம். நாம் எந்தக் கருவியைக் குத்தினாலும் அதற்கேற்ற டிரைவர் என்ற நிரலைக் கூப்பிட்டு, கருவியோடு பேசவைப்பது அதன் பொறுப்பு. பிரிண்டர் பார்த்தேன், என் நிரலைப் பார்த்தேன், எல்லாம் ஓடியது. தராசின் சுவிட்ச் அணைந்திருந்தது. அதை எழுந்து போய்ப் போட எனக்குப் பஞ்சியாக இருந்தது. தராசுக்கு என்ன வரப்போகிறது என்று விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை காலையிலேயே ஹாஜியாரின் போன்.

"தம்பி, தராசு கொம்பியூட்டரோட பேசுதில்லையே. மகன்தான் தராச பாத்து சத்தம் போட்டு நெறை சொல்லிட்டு ஈக்கிறான்."

"வெள்ளிக்கிழமை வந்து பார்க்கிறேங்க ஹாஜியார். சின்ன விஷயமாத்தான் இருக்கும்."

அந்த வெள்ளிக்கிழமை கதவு சாத்தியதும் வேலையில் இறங்கினேன். முதலில் புதிய கேர்னல்மேல்தான் சந்தேகம். புது மருமகள் வந்த வீட்டில் எது உடைந்தாலும் அவள் தலையில்தானே விழும். கணினியைத் திரும்ப எழுப்பும்போது பழைய கேர்னலைத் தேர்ந்தெடுத்துப் பார்த்தேன். தராசு அப்போதும் பேசவில்லை. ஆக, பழி கேர்னல்மேல் இல்லை. பிறகு தராசின் வயரைப் பிடுங்கித் திரும்பக் குத்திவிட்டு, கேர்னல் எழுதுகிற நாட்குறிப்பை வரி வரியாகப் பார்த்தேன். கருவி வந்தது. சரியான டிரைவர் வந்தது. அடுத்த வினாடியே வேறொரு நிரல் குறுக்கே புகுந்து அந்த டிரைவரைத் துரத்திவிட்டுத் தராசைத் தான் பிடித்துக்கொண்டது. அந்த நிரலின் பெயரையும் கேர்னல் எழுதி வைத்திருந்தது.

அது பிரெய்ல் நிரல். பார்வையற்றவர்கள் விரலால் தடவி வாசிக்கிற புள்ளி எழுத்துப் பலகைகளைக் கணினியோடு இணைக்கிற நிரல். புதிய பதிப்போடு கேட்காமலே வந்து உட்கார்ந்திருந்தது. ஒவ்வொரு யூ.எஸ்.பி. கருவிக்கும் உள்ளே ஓர் இலக்கம் உண்டு. கணினி அதை வைத்துத்தான் கருவியை அடையாளம் காணும். தராசின் வயருக்குள் இருந்த மலிவான மின்னணுச் சில்லின் இலக்கமும், ஒருவகைப் புள்ளிப் பலகையின் இலக்கமும் ஒன்றே. கண்டி குட்செட் பஸ் நிலையத்தில் ஊர்ப் பெயரைப் பார்க்காமல் இலக்கத்தை மட்டும் பார்த்து ஏறினால் எங்கே போய் இறங்குவோமோ, அந்தக் கதைதான். இந்த நிரல் தராசைப் பலகை என்று நினைத்து ஏறியிருந்தது.

உலகத்தில் பல பேருக்கு இதே சிக்கல் வந்திருந்தது. எல்லாரும் இணையத்தில் சொன்ன மருந்து ஒன்றுதான்: பிரெய்ல் நிரலைக் கழற்றி வீசு. "இந்த மொளகுக் கடையில யாருக்குடா பிரெய்ல்?" என்று தனியாகச் சிரித்தேன். கடவுச்சொல்லை அடித்தேன், ஒரே கட்டளையில் கழற்றினேன். கராம்புப் பொட்டலம் ஒன்றைத் தராசில் வைத்தேன். திரையில் நிறை வந்து நின்றது. ஜும்ஆ முடிந்து வந்த ஹாஜியார் அதைப் பார்த்து "மாஷா அல்லாஹ்" என்று என் முதுகில் தட்டினார். ஒரு பை சாதிக்காயோடு வீடு வந்து சேர்ந்தேன்.

மறுநாள் காலை பாணும் சம்பலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஹாஜியாரின் இலக்கத்திலிருந்து அழைப்பு வந்தது. பேசியது ஒரு பெண்.

"அண்ணன், நான் அக்குறணை ஹாஜியார்ட மகள். நேத்தைக்கி நீங்க கொம்பியூட்டர்ல என்னத்தையோ கழட்டினீங்களா?"

"தராசு இப்ப நல்லா வேலை செய்யுதுதானே தங்கச்சி?" என்றேன், பாராட்டை எதிர்பார்த்து.

"தராசு நல்லா வேல செய்யுது. என்ட பலகைதான் செத்துப் போச்சி. எனக்குக் கண் தெரியாது அண்ணன். நான் அதுலதான் வாசிக்கிற."

பாண் தட்டைத் தள்ளி வைத்தேன். அவள் கோபமில்லாமல், ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னாள். இத்தனை வருஷமும் அந்தக் கணினியை அதிகம் பாவித்தது அவள்தான். காலையில் போனில் வருகிற ஓடர்களை எல்லாம், திரையில் இருப்பதைக் குரலில் வாசிக்கிற வசதியைப் போட்டு, இயர்போனில் கேட்டுக் கேட்டு அடிப்பாள். ஆனால் மிளகு மூட்டைகள் வந்து கடை இரைச்சலாகிவிட்டால் எழுந்து உள்ளே போக வேண்டும். இயர்போனைக் காதில் வைத்தால் மூட்டைக்காரர் பேசுவது கேட்காது, எடுத்தால் கணினி பேசுவது கேட்காது. அவளுடைய நானா, அதாவது ஹாஜியாரின் மூத்த மகன், வந்து கதிரையில் உட்காருவார்.

அவளோடு படித்த தோழி ஒருத்தி இரண்டு மாதத்துக்கு முன் தன் பழைய புள்ளிப் பலகையைக் கொடுத்திருக்கிறாள். கணினியில் குத்தினால் அது அசையவே இல்லை. நான் புதிய பதிப்பை ஏற்றிய வெள்ளிக்கிழமை பின்னேரம், சும்மா ஒரு தடவை குத்திப் பார்த்திருக்கிறாள். பலகை உயிர் பெற்று அவள் விரலுக்குக் கீழே எழுத்துகள் எழும்பியிருக்கின்றன. நான் தெரியாமலே கொடுத்த பரிசு அது. காது இரண்டும் மூட்டைக்காரருக்கு, விரல் கணினிக்கு. அந்த வாரம் முழுவதும், முதல்முறையாக, காலை முதல் கடை மூடும் வரை கதிரையில் அவள்தான் இருந்திருக்கிறாள். தராசு ஒன்றுதான் குறை. அதை அண்ணன் வந்து சரிசெய்துவிடுவார் என்று நம்பியிருந்தாள். நான் வந்து சரிசெய்த இலட்சணம் உங்களுக்குத் தெரியும்.

"திங்கக்கெழம மொளகு வார நாள்," என்றாள். "ஒண்டு தராசு ஓடுது, இல்லாட்டி பலகை ஓடுது, இது சரிவராதுன்டு நானா சொல்லிட்டாரு. அதுக்குள்ள ரெண்டும் ஓடாட்டி மதினிட தம்பிய அந்தக் கதிரையில இருத்தப் போறாராம். வாப்பாவும் சரின்டுட்டாரு. ஒங்கள ஏச எடுக்கல்ல அண்ணன். சரி பண்ணுவீங்களான்டு கேக்கத்தான் எடுத்தேன்."

"இன்னைக்கே வர்றேன் தங்கச்சி," என்றேன். ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

கட்டுகஸ்தோட்டைப் பாலத்து நெரிசலில் ஊர்ந்து நான் போய்ச் சேர்ந்தபோது பதினொரு மணி. கடை திறந்திருக்கும் நேரத்தில் அதற்குள் நான் கால் வைத்தது அன்றுதான். கதிரையில் அவள் இருந்தாள். முப்பது வயதுக்குள் இருக்கும். முன்னால் மடித்த துணியின்மேல் அந்தப் பலகை. ஒரு முழத்துக்கும் குறைவான நீளம், அதில் இருபது எழுத்துக்கான இடம், ஒவ்வொன்றிலும் எழும்பி இறங்குகிற சின்னச் சின்ன முட்கள். வெள்ளிக்கிழமைகளில் இதை நான் ஏன் கண்டதில்லை என்று கேட்டேன். மிளகுத் தூசி போனால் முள் சிக்கிக்கொள்ளும் என்பதால், தொழுகைக்கு எழும்பும்போது கையோடு உள்ளே கொண்டுபோய்விடுவாளாம்.

"ஒங்களுக்கு நான் சொல்லி அனுப்பினேனே," என்றாள். "பலகைய மொதல்ல குத்தினா தராசு செத்துப் போகுது. தராச மொதல்ல குத்தினா பலகை எழும்புதே இல்ல. பதினொரு தரம் மாத்தி மாத்திக் குத்திப் பாத்தேன். ரெண்டும் சேந்து ஓடுற மாதிரி செய்யச் சொல்லித்தான் வாப்பாட்ட சொன்னேன்."

நான் ஹாஜியாரைப் பார்த்தேன். அவர் ஒரு மூட்டையின் வாயைக் கவனமாகக் கட்டத் தொடங்கினார். "நீளமா சொன்னா தம்பிக்குக் கொழம்பிப் போகும்ன்டு தராசென்டு மட்டும் சொன்னேன்," என்றார்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. நான் இரண்டு மணி நேரம் நாட்குறிப்பைக் கிளறிக் கண்டுபிடித்ததைவிட அதிகம் அவள் பதினொரு தடவை குத்திப் பார்த்துக் கண்டுபிடித்திருந்தாள். அதை அவளிடம் முதலிலேயே கேட்கத்தான் எனக்கு வாய் வரவில்லை. மரியாதை, மரியாதை என்று நான் பொத்திப் பாதுகாத்தது என் வசதியைத்தான்.

பிரெய்ல் நிரலைத் திரும்ப ஏற்றினேன். பலகையைக் குத்தியதும் முட்கள் எழும்பின. அவள் முகத்தைப் பார்த்து எனக்கு மூச்சு வந்தது. அதே வினாடி தராசு செத்தது. இரண்டையும் பிரித்துக் காட்ட வேறு அடையாளம் வேண்டும். நல்ல கருவிகளில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் தொடரிலக்கமும் பதிந்திருக்கும். இந்த மலிவுச் சில்லுகளில் அந்த இடம் வெறுமையாக இருந்தது, இரண்டிலும். எது எதற்கு முன் எழும்ப வேண்டும் என்று வரிசை கட்டிப் பார்த்தேன். மூன்று மணிக்கு இரண்டும் ஒன்றாக ஓடின. வெற்றி என்று எழுந்து நின்றேன். மூன்றே காலுக்குக் கரண்ட் போய் வந்தது. வரிசை குலைந்து, பலகைக்கான நிரல் மறுபடி தராசில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

"மினக்கெடாதீங்க அண்ணன்," என்றார் நானா. அவர் கெட்டவர் இல்லை. மிளகுப் பருவத்தில் நாள் முழுக்க மூட்டை தூக்கிவிட்டு, நிறையையும் சத்தம் போட்டுச் சொல்லிக் களைத்துப் போயிருந்தார். "தங்கச்சிக்கு காலைல போன் வேல ஈக்கிதானே. அது போதும்."

அவள் பலகையைத் துணியில் சுற்றினாள், எழுந்தாள், திரைச்சீலைக்குப் பின்னால் போனாள். அந்தச் சீலை ஆடி அடங்குவதை எத்தனையோ வெள்ளிக்கிழமை பார்த்திருக்கிறேன். அன்றைக்குப் பார்க்க முடியவில்லை.

ஞாயிறு காலை ஏழு மணிப் பூசைக்குப் போனேன். மனம் முழுக்கச் சில்லும் இலக்கமும்தான், ஆண்டவர் மன்னிப்பாராக. எங்கள் கோயிலில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் உட்கார ஒரு வாங்கு என்று யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் இருபது வருஷமாக அவரவர் அதே வாங்கில்தான். பூசை முடிந்து வெளியே வரும்போது ஃபாதர் என் பக்கத்து வீட்டுக்காரரிடம், "மூணாவது வாங்கு வலது பக்கம் ரெண்டு கிழமையா காலியா இருக்கே, பாட்டிக்குச் சுகமில்லையா?" என்று கேட்டார். ஃபாதருக்குப் பார்வை மங்கல். பீடத்திலிருந்து ஒரு முகமும் அவருக்குத் தெரியாது. உட்காருகிற இடத்தை வைத்துத்தான் ஆளைச் சொல்வார்.

நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். முகம் ஒன்றாக இருந்தால் என்ன, இடம் வேறுதானே. கணினியின் பின்னால் இருக்கிற ஒவ்வொரு யூ.எஸ்.பி. துளைக்கும் கேர்னலுக்குள் தனி விலாசம் உண்டு. எந்தக் கருவி என்று கேட்காமல், எந்தத் துளையில் உட்கார்ந்திருக்கிறது என்று கேட்டால் போதும். இது எனக்குத் தெரியாத வித்தையும் இல்லை. அவசரத்திலும் பெருமையிலும் மறந்து போயிருந்தேன்.

சட்டையைக்கூட மாற்றாமல் பஸ் ஏறினேன். ஹாஜியார் பக்கத்துக் கதவால் உள்ளே விட்டார். மகளையும் கூப்பிடச் சொன்னேன். அவள் பலகையோடு வந்து உட்கார்ந்தாள். சிறு விதி ஒன்று எழுதினேன்: இடது ஓரத் துளையில் எது வந்தாலும் அதன் பெயர் தராசு, வலது ஓரத் துளையில் எது வந்தாலும் அதன் பெயர் பலகை. முதல் தடவை தோற்றது. பிரெய்ல் நிரல் பெயரைப் பொருட்படுத்தாமல் பழைய பழக்கத்தில் தானே தேடிப் போய்த் தராசைப் பிடித்தது. கதவு கதவாகத் தட்டித் திரிகிற அந்தப் பழக்கத்தை நிறுத்தி, பலகை என்ற ஒரே வாசலில் மட்டும்தான் நீ நிற்க வேண்டும் என்று அதன் அமைப்புக் கோப்பில் எழுதினேன். திரும்ப எழுப்பினேன். முட்கள் எழும்பின. ஹாஜியார் தராசில் கையை ஊன்றினார்.

"நாலு கிலோ எரநூறு," என்றாள் அவள், விரலை எடுக்காமல்.

ஹாஜியார் கையை எடுத்தார். "சைபர்," என்றாள். சிரித்தாள்.

"கரண்ட நிப்பாட்டிப் பாருங்க," என்றும் அவளே சொன்னாள். மெயின் சுவிட்சை மூன்று தடவை அணைத்துப் போட்டோம். மூன்று தடவையும் அவரவர் இடத்தில் அவரவர் எழும்பினார்கள்.

"கடை கூட்டுறவங்க வயர கழட்டி மாத்திக் குத்தினா?"

அதை நான் யோசிக்கவில்லை. அவள் யோசித்திருந்தாள். பசைக் குப்பியை வாங்கி, பெட்டிக்குப் பின்னால் கையை விட்டுத் துளைகளைத் தடவி, தராசின் துளைக்குப் பக்கத்தில் ஒரு மிளகையும் தன் துளைக்குப் பக்கத்தில் இரண்டு மிளகையும் ஒட்டினாள். கீபோர்டில் நான் சுரண்டிய மொட்டுகள் யாருடைய வேலை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "அது நீங்கதானா? நான் எலியென்டு நெனச்சேன்," என்றாள்.

கிளம்பும்போது கேட்டாள்: "அண்ணன், எதையும் மாத்த முந்தி நீங்க ஒரு சொல் அடிக்கிறீங்களே. அத எனக்குத் தாங்க."

பழக்க தோஷம், வாய் தானாகச் சொன்னது: "அதுக்குத்தான் நான் இருக்கேன்ல தங்கச்சி."

"நீங்க இருந்துதானே அண்ணன் வெள்ளிக்கெழம கழட்டினீங்க."

பார்ப்போம் என்று முனகிவிட்டு வந்தேன்.

திங்கட்கிழமை எனக்கு அங்கே வேலை இல்லை. இருந்தும் போனேன். ஒன்பது மணிக்கே வாசலில் மூட்டைகள் வரிசை கட்டி நின்றன. மதினியின் தம்பியும் இஸ்திரி போட்ட சேர்ட்டோடு வந்து ஓர் ஓரமாக நின்றார். அவள் கதிரையில் இருந்தாள்.

முதல் மூட்டை தராசில் ஏறியது. நானா பழக்கத்தில் குனிந்து பார்த்து, "முப்பத்தொன்னு!" என்று சத்தம் போட்டார்.

"முப்பத்தொன்னு அறுநூத்தம்பது, நானா," என்றாள் அவள், அடித்துக்கொண்டே.

நானா மறுபடி குனிந்தார். அறுநூற்றைம்பதுதான். அவர் ஏமாற்றுகிறவர் இல்லை. கூட்டத்தில் கத்துகிறவருக்குக் கடைசி இலக்கம் நாக்கில் ஏறுவதில்லை, அவ்வளவுதான். மூட்டைக்காரர் தராசைப் பார்த்தார், கதிரையில் இருந்தவளைப் பார்த்தார், அடுத்த மூட்டையைத் தானே தூக்கித் தராசில் வைத்தார். அவள் நிறையைச் சொன்னாள். நாலாவது மூட்டைக்கு நானா தராசுப் பக்கம் பார்க்கவே இல்லை; லொறியில் ஏற்றப் போய்விட்டார். ஹாஜியார் மதினியின் தம்பியைக் கூப்பிட்டு, "மகன், சேர்ட்ட கழட்டி வெச்சிட்டு நானாக்கு ஒரு கை குடு," என்றார்.

எனக்கு முழுக்கச் சந்தோஷம்தான் என்று சொல்ல ஆசை, ஆனால் பாதி வெட்கம். மூட்டை வரிசை குறைந்த நேரம் பார்த்து அவள் பக்கத்தில் போய் நின்றேன். மெல்லிய குரலில் கடவுச்சொல்லை எழுத்தெழுத்தாகச் சொன்னேன். அவள் ஒரு தடவைதான் கேட்டாள், திருப்பிச் சொல்லவில்லை. என் தொழிலில் நான் அந்தச் சொல்லை இன்னொருவருக்குக் கொடுத்தது அன்றுதான்.

அந்த வெள்ளிக்கிழமை வழமைபோலப் பதினொன்றரைக்குப் போனேன். ஹாஜியார் தேநீரை வைத்துவிட்டுப் பள்ளிவாசலுக்குப் போனார். வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. அவளுடைய உம்மா உள்ளே அடுப்படியில் நின்று எனக்குத் தலையசைத்தார். கதிரை காலியாக இல்லை. பலகையில் விரலை வைத்துக்கொண்டு அவள் இருந்தாள். புதிய கேர்னல் ஒன்று வந்திருந்தது. அதை ஏற்றுவதற்காக, "கொஞ்சம் கீபோர்டைத் தர்றீங்களா தங்கச்சி," என்று வாங்கிக் கடவுச்சொல்லை அடித்தேன். பிழை என்றது. விரல் வழுக்கியதாக்கும் என்று திரும்ப அடித்தேன். மறுபடி பிழை.

"நான் மாத்திட்டேன்," என்றாள் அவள்.

சுற்றுவட்டாரத்தில் அத்தனை கணினிகளின் வாயையும் வயிற்றையும் அறிந்த நான், என் கையால் எழுப்பிய பெட்டிக்கு முன்னால் வெளியாள் போல உட்கார்ந்திருந்தேன்.

"என்ன செய்யப் போறீங்கன்டு மொதல்ல சொல்லுங்க," என்றாள். "எதக் கழட்டுது, எத ஏத்துது, அதால தராசுக்கு என்ன ஆகும், பலகைக்கு என்ன ஆகும். எனக்கு வெளங்கினா நான் அடிச்சித் தாரேன்."

நான் சொன்னேன். ஒன்றையும் விடாமல், வரி வரியாகச் சொன்னேன். அவள் நடுவில் மூன்று கேள்வி கேட்டாள். பிறகு கீபோர்டைத் தன் பக்கம் இழுத்து, அந்தச் சொல்லை அடித்தாள். இன்றுவரை அது என்னவென்று எனக்குத் தெரியாது.